ஈரல்பாசிக்கு ஜாடை பார்த்தவர்

ஜாடை பிடிப்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. விஞ்ஞான நூல்களில் தேடாதீர்கள், இன்னும் யாரும் வகைப்படுத்தவில்லை. ஆனால் உங்கள் தெருவில் ஒருவர் நிச்சயம் இருக்கிறார். உங்கள் வீட்டுத் தொட்டில் வரைக்கும் வந்து போயிருக்கிறார். பிறந்து கண்கூடத் திறக்காத சிசுவை, மூக்கு எது வாய் எது என்று பெற்றவளே தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எட்டிப் பார்த்து, “அட, அப்படியே தாய்மாமனை உரிச்சு வச்சிருக்கே!” என்று அறிவித்துவிட்டுத்தான் அவர் காபி கேட்பார். தாய்மாமன் பூரித்துப் போவான். பெற்ற அப்பன் சுவரைப் பார்ப்பான். இவருக்கென்ன, காபி வந்துவிட்டது.

கல்யாண வீட்டுக்குப் போனால் நாதஸ்வரக்காரரிடம் மாப்பிள்ளையின் ஜாடை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் தன் பள்ளிக்கூட வாத்தியாரின் ஜாடை. மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல், “தம்பி, உங்கப்பா கணக்கு வாத்தியாரா?” என்று விசாரித்துக்கொண்டே நிற்பார். எழவு வீட்டையும் விடமாட்டார். கிடத்தியிருக்கிறவரைக் குனிந்து பார்த்து, “கடைசி நேரத்துல அவங்க சித்தப்பா முகமே வந்துடுச்சு, கவனிச்சீங்களா?” என்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள்.

பொய் சொல்கிறாரா? அதுதான் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிகிறது. “ஐயா, அது தத்து எடுத்த குழந்தை” என்று சொல்லிப் பாருங்கள். அசருவார் என்றா நினைத்தீர்கள்? “அதானே பார்த்தேன், வளர்த்தவங்க முகம் வந்துடும்” என்பார். இந்த இனத்தை மடக்குவதற்கு உலகத்தில் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

இதை எழுத உட்காரும்போதே நான் ஒரு சபதம் எடுத்தேன். ‘போல’, ‘மாதிரி’ என்ற இரண்டு சொற்களையும் என் சொந்த வாயால் சொல்வதில்லை. ஜாடை பிடிப்பவரைப் பற்றி எழுதுகிறவனே அதற்கு இது ஜாடை, இதற்கு அது ஜாடை என்று உவமை சொல்லிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? எத்தனை தூரம் தாக்குப் பிடிக்கிறேன், பார்க்கலாம்.

இந்த இனத்தில் நான் கண்ட மிக உயர்ந்த மாதிரிப்படிவம் — இது விஞ்ஞானச் சொல், சபதத்தில் சேராது — பேராசிரியர் அருணாசலம். கொல்லிமலை அடிவாரத்தில், சமவெளிப் பக்கமாக இருந்த எங்கள் கல்லூரியில் அவர் தாவரவியல், நான் தமிழ். அவர் மனிதர்களோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். அவர் பாசிக்கு ஜாடை பார்த்தார்.

ஈரல்பாசியைப் பார்த்திருக்கிறீர்களா? மலை ஓடையில் தண்ணீர் தெறிக்கிற பாறையில் பச்சையாகப் பட்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். பூ கிடையாது, காய் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி வேர் கிடையாது, வழுக்கி விழுந்தவர்களைத் தவிர யாரும் அதைக் கவனித்ததும் கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரனுக்கு அதில் ஈரல் ஜாடை தெரிந்து, ஈரல் என்றே பேரும் வைத்துவிட்டான். இந்த இனம் அங்கேயும் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

அருணாசலம் ஈரல்பாசி பார்ப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். முதலில் மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறும். பிறகு ஓரடி பின்னால் போவார். ஓடைக்குள் நிற்கிறோம் என்பதெல்லாம் அப்போது நினைவிருக்காது. தலை இடது தோள் பக்கம் சாயும். ஒரு கண் மூடும். நாம் மூச்சுவிடக் கூடாது. கடைசியில் விரலைச் சொடுக்கி, “பார்த்தாலே தெரியுதே!” என்பார். அவ்வளவுதான். ஆராய்ச்சி முடிந்தது, டிபன் கேரியரைத் திறக்கலாம்.

இந்த முறையில் அவர் ஒரு மகத்தான உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்பார்கள். அங்கே குண்டூர் நாட்டு ஓடைப் பாறையில் ஒரு பாசி, மலையின் இன்னொரு மூலையில் திண்ணனூர் நாட்டு ஓடைப் பாறையில் ஒரு பாசி. இரண்டும் நல்ல அகலம், கரும்பச்சை, ஓரத்தில் நெளிவு. “ஒரு வயித்துப் பிள்ளைங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பைல் நாட்டில் ரோட்டோர மண்சரிவில் இன்னொன்று இருந்தது. ஒல்லி, சோகை பிடித்த பச்சை, ஓரமெல்லாம் செம்பு நிறம். அதை நின்றுகூடப் பார்க்கவில்லை. “இது யாரோ” என்று சொல்லிவிட்டு நடந்தார். இதைக் கட்டுரையாக எழுதி, ஊர் ஊராகக் கருத்தரங்குகளில் வாசித்து, போன இடமெல்லாம் சால்வை வாங்கியிருந்தார்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வாக்கில் அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள் தாமரைச்செல்வி. அடிவாரத்தில் கடலையும் வெங்காயமும் போடுகிற குடும்பத்துப் பெண். எதையும் ஒரு தரம் கிள்ளிப் பார்க்காமல் நம்பமாட்டாள். “சார், இதே மூணு பாசியையும் டி.என்.ஏ. வச்சுப் பார்க்கட்டுங்களா?” என்று கேட்டாள். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

“தாராளமா பாரும்மா. நான் சொன்னது சரின்னு மெஷினும் ஒரு தடவை சொல்லிட்டுப் போகட்டுமே.”

இந்தச் சங்கதியை எனக்கு அவள் ஒரு டீ நேரத்தில் விளக்கினாள். எல்லா உயிருக்குள்ளும் இழையாக ஒன்று சுருண்டு கிடக்கிறதாம், பாட்டன் முப்பாட்டன் கொடுத்ததெல்லாம் அதில்தான் இருக்கிறதாம். பாசியைக் கழுவி, நசுக்கி, அந்த இழையைப் பிரித்தெடுத்து, அடையாளத்துக்கென்று அதில் சில இடங்களை மட்டும் மெஷினில் நகல் மேல் நகல் எடுத்து, ஜெல் என்கிற வழவழப்பான பலகையில் இட்டுக் கரண்ட் விட்டால், நகல்கள் அவையவற்றின் நீளத்துக்குத் தக்கபடி ஓடி வரி வரியாக நின்றுகொள்ளும். வரிகள் ஒத்துப்போனால் நெருங்கிய சொந்தம், ஒத்துப்போகாவிட்டால் தூரம். இதில் முகம் இல்லை, மூக்கு இல்லை, ‘அப்படியே உரிச்சு வச்சிருக்கு’ இல்லை. கேட்கவே எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பாசி எடுக்க மலைக்குப் போகும்போதெல்லாம் அவள் தங்குவது குண்டூர் நாட்டில் வெங்கிடுசாமி வீட்டில். மரவள்ளியும் மிளகும் போடுகிற மலைக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவர் மகள் அருள்மொழியும் தாமரைச்செல்வியும் ஒருத்திக்கொருத்தி உயிராகிவிட்டார்கள். ஆகவே ரகசியமும் முதலில் இவளுக்குத்தான் தெரிந்தது. சோளக்காடு என்ற மலையூர்ச் சந்தைக்கு மிளகு கொண்டுபோன அருள்மொழிக்கும், அன்னாசி கொண்டுவந்த திண்ணனூர் நாட்டுப் பூபதிக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. அதிசயமாக இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சம்மதித்தும் விட்டார்கள். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அங்கேதான் விதி எங்கள் கல்லூரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தது.

பாசிக்குப் போகிற சாக்கில் நிச்சயத்துக்கும் தலையைக் காட்டலாம் என்று தாமரைச்செல்வி கிளம்ப, பேராசிரியர் நானும் வருகிறேன் என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காத ஒரே ஆசிரியன் என்ற தகுதியில் நானும் போனேன். ஜீப் மழைத் தூறலைக் கண்டால் நின்றுவிடும் சுபாவம் கொண்டது. பாதி மலையை நாங்கள்தான் அதைத் தள்ளி ஏற்றினோம்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. நடுவில் தாம்பாளம், வெற்றிலை, பூ, பழம். ஊர்க்கவுண்டர் மாணிக்கம் முன்னால் உட்கார்ந்திருந்தார். படித்தவர் வந்திருக்கிறார் என்று பேராசிரியருக்கு அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். கை நிறையப் பலாச்சுளை கொடுத்தார்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூப்பிட்டுக் கும்பிடச் சொன்னார்கள்.

நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணாடி நெற்றிக்கு ஏறுகிறது. தாமரைச்செல்வி என் கையைக் கிள்ளினாள். நாற்காலி ஓரடி பின்னால் போயிற்று. தலை சாய்ந்தது. நான் இருமினேன். பலமாக இருமினேன். ஒரு கண் மூடியது. விரல் சொடுக்கியது.

“அடடா! அண்ணன் தங்கச்சி தோத்துது போங்க! அதே நெத்தி, அதே மோவாய். பார்த்தாலே தெரியுதே!”

தட்டு மாற்றத் தாம்பாளத்தைத் தூக்கப்போன பெண்கள் அதைத் திரும்பக் கீழே வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் அந்த மலையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே ஒருவருக்கொருவர் பங்காளி முறை, இல்லாவிட்டால் மாமன் மச்சான் முறை. மாமன் மச்சான் வீட்டில்தான் பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். பங்காளி வீடு என்றால் பெண் தங்கச்சி ஆகிவிடுவாள், பேச்சே கிடையாது. பூபதியின் தாத்தா பஞ்சகாலத்தில் எங்கிருந்தோ வந்து திண்ணனூர் நாட்டில் குடியேறியவர். குண்டூர்ப் பக்கம் என்று சிலர் சொல்வார்கள், இல்லை என்று சிலர் சொல்வார்கள். எந்த வகையறா என்று சொல்ல அவர் உயிரோடு இல்லை. அதை எல்லாரும் மறந்து, மாமன் மச்சான் முறைதான் என்று வைத்துக்கொண்டு, நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் இந்தச் சொடுக்கு விழுந்தது.

முதலில் எழுந்தவள் பழனாயி. பூபதிக்கு அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவள். தன் மகளைத்தான் அவன் கட்டுவான் என்று நெடுநாளாக இருந்தவள், இன்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? நான் சொன்னா வயித்தெரிச்சல்னு சொல்லுவீங்க. படிச்ச சாமி சொல்லுது! எங்க அப்பன் குண்டூர்லருந்து வந்தவருன்னு ஊரே சொல்லும். நாளைக்குப் பங்காளின்னு தெரிஞ்சா, கட்டுன தாலிய என்ன பண்ணுவீங்க?”

“ஏனுங்க சார்,” என்று வெங்கிடுசாமி அருகே வந்து கேட்டார், “சும்மா பேச்சுக்குத்தானுங்களே சொன்னீங்க?”

மனிதர் அப்போதாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஜாடை பிடிப்பவர் தன் ஜாடையை விட்டுக்கொடுத்த சரித்திரம் உண்டா? “சும்மா எல்லாம் நான் சொல்றதில்லீங்க. முப்பது வருசமா இதே தொழில்” என்றார்.

ஊர்க்கவுண்டர் தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார். “தட்டை உள்ள எடுத்து வைங்க. விசாரிச்சுட்டுப் பேசலாம். அறுவடைக்குள்ள தெளியலேன்னா அவனவன் பாட்டுக்கு வேற எடம் பாத்துக்கட்டும்.” யாரை விசாரிப்பது? செத்துப்போன தாத்தாவையா? வேற இடம் என்றால் எந்த இடம் என்று பழனாயியின் முகத்திலேயே எழுதியிருந்தது. அருள்மொழி உள்ளே ஓடினாள். பூபதி நின்ற இடத்திலேயே நின்றான். பேராசிரியர் இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டு, “பலா பிரமாதம்” என்றார். எனக்கு அவரை அப்படியே ஓடையில் தள்ளலாமா என்றிருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். இறங்கும்போது வளைவுக்கு வளைவு தாமரைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் மட்டும் முன் சீட்டில் நிம்மதியாகத் தூங்கினார்.

அப்புறம் ஒருநாள் வெங்கிடுசாமி கல்லூரிக்கே வந்துவிட்டார். ஒரு கையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை, இன்னொரு கையில் காகிதப் பொட்டலம்.

“ஏனுங்க அம்மிணி, பாசிக்கு என்னமோ சொந்தம் பாக்கற டெஸ்ட்டு எடுக்கறீங்களாமே. அதையே எங்க புள்ளைக்கும் அந்தத் தம்பிக்கும் பாத்துப்போடுங்க. ரெண்டு பேரு நகமும் முடியும் கொண்டாந்துட்டேன். பத்தலீன்னா சொல்லுங்க, இன்னுங் கொஞ்சம் வெட்டியாரேன்.”

தாமரைச்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அப்பா, இது பாசிக்குன்னே வச்சிருக்கறதுங்க. மனுசங்களுக்கு ஆகாது” என்று சொல்லிப் பார்த்தாள். “பாசி ஒத்துக்குது, மனுசன் ஒத்துக்க மாட்டானுங்களா?” என்று அவர் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார். அவள் அதைத் தூக்கி எறிய மனசில்லாமல் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

அந்த வாரமே பாசிகளின் முடிவு வந்தது. கோயம்புத்தூரில் மெஷின் இருக்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் இரவல் இடம் பிடித்துச் செய்திருந்தாள். குண்டூர்ப் பாசிக்கு நெருங்கிய சொந்தம் எது? பேராசிரியர் நின்றுகூடப் பார்க்காத பைல் நாட்டு ஒல்லிதான். வரிக்கு வரி ஒத்துப்போயிற்று. அந்த ஒரு வயிற்றுப் பிள்ளைகள்? குண்டூர்ப் பாசியும் திண்ணனூர்ப் பாசியும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில்கூட வரவில்லை. ஒரே விதமான பாறையில், ஒரே விதமான தண்ணீரில் கிடந்து கிடந்து ஒரே முகம் வந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அவள் போட்டோவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது நானும் இருந்தேன். பேராசிரியர் முதலில் பாசியைச் சரியாகக் கழுவவில்லை என்றார், கூட ஏதோ பூஞ்சணம் கலந்துவிட்டது என்றார். பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கழுவினேன் சார் என்றாள். கரண்ட் கட்டாகியிருக்கும் என்றார். ஆகவில்லை என்றாள். மெஷின் எந்த ஊர் மெஷின் என்றார். புதுப் பாசி எடுத்துத் திரும்பவும் செய்தேன், அதுவும் இதேதான் என்றாள். கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நாற்காலியைப் பின்னால் தள்ளி, தலையைச் சாய்த்து, அந்த வரிகளையே ஒரு கண்ணால் பார்த்தார். “இந்த வரியும் அந்த வரியும் அப்படியே அண்ணன் தம்பி. பார்த்தாலே தெரியுதே!”

நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. அவளுக்குச் சட்டென்று ஏதோ பிடிபட்டுவிட்டது என்று முகம் சொன்னது.

“சார், அப்ப ஒருதரம் பாறைக்கே போயி எனக்குக் காட்டிக் குடுங்க சார். என் கண்ணு இன்னும் பழகலை” என்றாள் வெகு பணிவாக. பாறைக்குப் போகிற நாளும் குண்டூரில் ஊர்க்கூட்டம் கூடுகிற நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது தற்செயல் என்றுதான் அவர் இன்றுவரைக்கும் நம்புகிறார்.

கூட்டம் அதே வாசலில். அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. பூபதி இளைத்துப் போயிருந்தான். அருள்மொழி கதவுக்குப் பின்னால் நின்றாள், சேலை ஓரம் மட்டும் தெரிந்தது. பழனாயி இந்தமுறை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“சார் அன்னைக்குச் சொன்னது சொன்னதுதானுங்களா?” என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

“பார்த்தாலே தெரியுதே!”

தாமரைச்செல்வி எழுந்தாள். போட்டோவை ஊர்க்கவுண்டர் கையில் கொடுத்தாள். “பெரியவங்களே, உங்க ஊர்ப் பாறைப் பாசியும் திண்ணனூர்ப் பாறைப் பாசியும் அண்ணன் தம்பின்னு சார் இத்தனை வருசமாச் சொன்னாருங்க. சோதிச்சுப் பார்த்தா இல்லீங்க. பாக்கறதுக்குத்தான் ஒண்ணு.”

ஊர்க்கவுண்டர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பாசிக்குத்தானுங்களே அம்மிணி? மனுசனுக்கு இது சொல்லுமா?”

“சொல்லாதுங்க. ஆனா சார் கண்ணு எப்படிங்கறதைச் சொல்லும்.”

கூட்டம் கலகலத்தது. பேராசிரியரின் முகம் சிவந்தது. “மெஷின் தப்பும்மா! என் கண்ணு தப்பாது!”

“அதைத்தாங்க சார் நானும் சொல்ல வந்தேன்” என்றாள் அவள், குரலில் தேன் சொட்ட. “இவங்க நம்ப மாட்டேங்கறாங்க. இங்க இருக்கறவங்கள்ல யாரு யாருக்கு என்ன சொந்தம்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க சார்.”

ஜாடை பிடிப்பவரிடம் இப்படி ஒன்று கேட்கலாமா? குழந்தையிடம் மிட்டாய் வேண்டுமா என்று கேட்கலாமா? கண்ணாடி ஏறிவிட்டது. ஊரே மூச்சைப் பிடித்தது. முதலில் ராசப்பனையும் ராசுவையும் பார்த்தார். இருவரும் இரட்டைப் பிறவிகள். ராசு எட்டுக்கை அம்மனுக்கு மொட்டை போட்டு மீசையும் மழித்திருந்தான். ராசப்பன் அதே அம்மனுக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்துக்கொண்டிருந்தான். விரல் சொடுக்கியது. “இந்த ரெண்டு பேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இரட்டையர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அடப்பாவி, அப்ப நீ யாருடா?” என்று கேட்டுக்கொண்டார்கள்.

“சும்மா சிரிக்காதீங்க!” என்று பழனாயி குரலை உயர்த்தினாள். “ஒருத்தன் மொட்டை, ஒருத்தன் தாடி. சாருக்கு எப்படித் தெரியும்? அவரு கண்ணு தங்கமான கண்ணு. அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

பேராசிரியர் நன்றியோடு அவள் பக்கம் திரும்பினார். அவளைப் பார்த்தார். அவளுக்கு நேர் எதிரே நரைத்த தலையோடு நின்ற வெங்கிடுசாமியைப் பார்த்தார். ஓரடி பின்னால் போனார். தலை சாய்ந்தது. ஒரு கண் மூடியது. நான் இந்தமுறை இருமவில்லை.

“இதோ! இதைவிடச் சாட்சி வேணுமா? மூக்கு, காது, நெத்தி எல்லாம் அச்சு! அம்மா, இவரு நீங்க பெத்த பிள்ளைதானே? மூத்த மகனா?”

வெங்கிடுசாமிக்குத் தாத்தாவாகிற வயது. பழனாயி அவரைவிட எவ்வளவோ இளையவள்.

பழனாயி எழுந்து நின்றாள். சண்டைக்கு முந்தானையைச் செருகும் எங்கள் பெரிய அத்தை மாதிரியே — ஐயோ, போயிற்று சபதம். போகட்டும், அந்தக் காட்சிக்காகப் போகலாம்.

“நானா? நானா இவனைப் பெத்தேன்? யோவ், இவன் சந்தைக்கு மூட்டை தூக்கும்போது நான் பாவாடை கட்டிக்கிட்டு நெல்லிக்கா பொறுக்கிட்டிருந்தேன்யா! கெழவியாட்டமா தெரியறேன் உனக்கு? உங் கண்ணுல கொள்ளிய வைக்க! இதெல்லாம் ஒரு கண்ணா? இந்தக் கண்ணைப் போயி எவனாச்சும் நம்புவானா?”

“நம்பக் கூடாதுங்களா?” என்று ஊர்க்கவுண்டர் மெதுவாகக் கேட்டார்.

“நம்புனா அவனை விட முட்டாப்பய எவனும் இல்லை!”

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயைப் பொத்தினாள். ஊர் முன்னால், ஊர்க்கவுண்டர் கேட்டுப் பதில் சொன்ன வார்த்தையை எடுக்க முடியுமா? மாணிக்கம் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு எழுந்தார். “அத்தைக்காரியே சொல்லிப்போட்டாங்க. சந்தேகம் அந்தக் கண்ணால வந்தது, அந்தக் கண்ணோடயே போச்சு. தட்டை எடுத்தாங்க.” உள்ளே அருள்மொழி அழுகிற சத்தம் கேட்டது. இது வேறு அழுகை. தாமரைச்செல்வி உள்ளே ஓடினாள். பூபதி அந்த இரட்டையரில் ஒருவனைக் கட்டிக்கொண்டான், மொட்டையா தாடியா என்றுகூடப் பார்க்கவில்லை. நான் என் வயதை மறந்து விசிலடித்தேன்.

பேராசிரியர்? “என்ன திடீர்னு எல்லாரும் சந்தோசமா இருக்காங்க?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே பலாச்சுளையைத் தேடினார்.

திருந்தினாரா என்று கேட்பீர்கள். தாமரைச்செல்வியின் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வரிகளைப் பார்த்து அசந்துபோய், “உங்க பழைய முடிவையே உங்க மாணவி மாத்திட்டாங்களே, உங்களுக்கு வருத்தமில்லையா?” என்று கேட்டார். அருணாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இதுல வருத்தப்பட என்ன இருக்கு? குண்டூர்ப் பாசியும் பைல் நாட்டுப் பாசியும் சொந்தம்னு எனக்கு அப்பவே தெரியும். பார்த்தாலே தெரியுதே!” கையெழுத்தும் போட்டார். தாமரைச்செல்வி டாக்டர் ஆனாள், என்னைப் பார்க்காமல் இருக்க அன்று அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மறுவருஷம் அருள்மொழிக்குக் குழந்தை பிறந்தது. பேர் வைக்க எங்களையும் கூப்பிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எட்டிப் பார்த்தார் பேராசிரியர். நானும் தாமரைச்செல்வியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். சொடுக்கு விழுந்துவிட்டது.

“அப்படியே பழனாயி அம்மாவை உரிச்சு வச்சிருக்கே!”

மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பழனாயி திரும்பினாள். “மெய்யாலுமா?” என்றாள். வந்தாள். தொட்டிலுக்குள் பார்த்தாள். “ஆமா, எம் மூக்குத்தான், சாமி!” என்று வாரி எடுத்தவள் அன்று பொழுது சாயும்வரை குழந்தையைக் கீழே விடவில்லை. பால் கொடுக்கக்கூடக் கெஞ்சித்தான் வாங்கவேண்டியிருந்தது. பேராசிரியருக்கு மாத்திரம் தனியாக ஒரு முழுப் பலாப்பழம் கிடைத்தது.

சரி, உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் மனசில் ஒரு முகம் ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லையா? ‘அட, இது நம்ம பெரியப்பா ஆச்சே’, ‘இது அப்படியே எங்க ஆபீஸ் சூப்பிரண்டு’ என்று முதல் பத்தியிலேயே முடிவு கட்டிவிட்டீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, “இதைப் படிச்சுப் பாரேன், யாருன்னு சொல்லு” என்றுகூடச் சொல்லியிருப்பீர்கள். உங்கள் பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. உங்கள் ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. எழுதியவன் நானே சொல்கிறேன், அவர் இல்லை. நம்புகிறீர்களா? “அதெப்படி, பார்த்தாலே தெரியுதே” என்கிறீர்கள்.

நல்லது. தலை இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், நிமிர்த்தவேண்டாம். மெதுவாக எழுந்து, முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். யார் ஜாடை தெரிகிறது?